எண்பத்தாறு சென்டிமீட்டர்

மெதெயின்,
2 பிப்ரவரி 1988

அன்புள்ள ஒலீவா பெரியம்மாவுக்கு,

யனேத் வணக்கத்துடன் எழுதுவது. நானும் மர்லேனியும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். மலை இறக்கத்தில் மர்லேனி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அது பஸ்ஸின் குற்றமில்லை, கிளம்பும்போது நீங்கள் திணித்த ஐந்து அரேப்பா ரொட்டியின் குற்றம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டீர்களா?

படிப்புக்கென்று வகுப்புத்தோழிகள் இருவரும் பத்து நாள் உங்கள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை நீங்கள். "வீட்டுக்குள்ள என்னடி ஆராய்ச்சி? வீடு வீடாத்தான இருக்கு?" என்று மட்டும் கேட்டீர்கள். உள்வடிவமைப்பு படிக்கிறேன் என்றால் திரைச்சீலைக்கு நிறம் பார்க்கிற படிப்பு என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்ப்பது தேய்மானம். ஒரு வீட்டுக்குள் ஆட்கள் எந்த வழியாக நடந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள் என்பதைத் தரைப்பலகையும் சுவரும் சொல்லும். ஆளைக் கேட்டால் மாற்றிச் சொல்வார்கள், பலகை மாற்றிச் சொல்லாது.

ஆனால் அதற்கு முதலில் தரைப்படம் மூடவேண்டும். அதாவது உள்ளே அறை அறையாக அளந்ததைக் கூட்டினால், வெளியே தாழ்வாரத்தை அளந்ததோடு ஒத்துவர வேண்டும். தரைப்படம் மூடும்வரை வேறு எந்தப் படத்தையும் தொடக்கூடாது என்பது எங்கள் கல்லூரிப் பட்டறையின் சட்டம். உங்கள் தாழ்வாரம் 23.60 மீட்டர். அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் 22.74. உங்கள் படுக்கையறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே எண்பத்தாறு சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கிறது.

எங்கோ டேப்பைத் தப்பாகப் பிடித்திருக்கிறோம். தாழ்வாரத்தை மட்டும் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். ஏப்ரல் முப்பதுக்குள் படம் மூடாவிட்டால் எனக்கு இந்த வருஷம் போச்சு, உதவித்தொகையும் போச்சு. அப்புறம் உங்களோடு கோழி வளர்க்க வந்துவிடுவேன்.

அம்மா அன்பைச் சொல்லச் சொன்னாள். "ஒரு ராத்திரிகூட அந்த வீட்டை விட்டு வரமாட்டேங்கிறா, வீட்டைக் கட்டிக்கிட்டா போல"ன்னு இன்றைக்கும் புலம்பினாள்.

உங்கள் ஆசி வேண்டும்,
யனேத்

*

சாந்தா ரீத்தா,
19 பிப்ரவரி

மகளே யனேத்,

மாதாவின் தயவில் நானும் ஏழு கோழிகளும் சுகம். முழங்கால் சுகமில்லை. தைலம் நாறுகிறது, பூசினால் பூனைகூடப் பக்கத்தில் வருவதில்லை. உன் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கியதா? ஃபபியோலாவை உப்பைக் குறைக்கச் சொல், நான் சொன்னேன் என்று சொல்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அளக்கத் தெரியாத நீ என் வீட்டில் எண்பத்தாறு காணோம் என்கிறாய். மூங்கில் தப்பையும் மண்ணும் சாணியும் வைத்துக் கட்டின சுவர், கண்ணு. ஒரு பக்கம் வீங்கும், ஒரு பக்கம் ஒடுங்கும். என் இடுப்பை அளந்தால் காலையில் ஒரு அளவு, சாப்பிட்ட பின் ஒரு அளவு. அப்படித்தான் இதுவும். விட்டுத் தள்ளு.

நீங்கள் போனதிலிருந்து பக்கத்து வீட்டு பாஸ்தோரா வேலிமேல் தலையை வைத்தபடியே இருக்கிறாள். "என்ன ஒலீவா, பொண்ணுங்க ரெண்டும் சுவரைத் தட்டித் தட்டிப் பாத்துச்சுங்களே, புதையலா?" என்றாள். "ஆமா, கிடைச்சா உனக்குத் தங்கத்துல ஒரு பல்லு கட்டித் தர்றேன், போ"ன்னு அனுப்பிவிட்டேன். ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. போன வருஷம் பெரிய வெள்ளியன்று எவெலியோ வீட்டுச் சுவரில் புதையல் வெளிச்சம் தெரிந்தது என்று எவனோ சொல்லி, நாலு பேர் சேர்ந்து இடித்தே போட்டார்கள். கிடைத்தது எலிக்கூடு. அதனால் சுவருக்குள் இடம் இருக்கிறது, கிடம் இருக்கிறது என்று எங்கேயும் எழுதி வைக்காதே.

அவரைக் கொடி மாதிரி இளைத்திருக்கிறாய், நன்றாகச் சாப்பிடு. காவல் தூதர் உன் கூடவே நடக்கட்டும்.

உன் பெரியம்மா
ஒலீவா

*

மெதெயின்,
1 மார்ச்

அன்புள்ள பெரியம்மா,

நலம். அம்மாவின் அழுத்தம் இறங்கியது, உப்புச் சண்டை நடக்கிறது. கோழிகள் ஏழும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. தாழ்வாரத்தின் அளவு மட்டும் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

பேராசிரியர் உர்ரேயா படத்தைப் பார்த்தார். "மண்வீடு அஞ்சு சென்டி ஏமாத்தும்மா, பத்துகூட ஏமாத்தும். எண்பத்தாறு ஏமாத்தாது. நீதான் எங்கயோ தூங்கியிருக்க" என்றார். இந்தக் கடிதத்தோடு என் படத்தின் நகல் ஒன்றும், இருபது மீட்டர் டேப் ஒன்றும் பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். படுக்கையறை, சாப்பாட்டு அறை, தாழ்வாரம், மூன்றையும் அளந்துவிடுங்கள். அறைகளுக்கு மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு அளவு எடுங்கள். பாஸ்தோரா ஒரு முனையைப் பிடிக்கட்டும், வாயை மட்டும் மூடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தேய்மானப் படத்தைக் குறிப்பிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் படுக்கையறையில், சாப்பாட்டு அறைப் பக்கத்துச் சுவருக்கு முன்னால், பலகையில் இரண்டு குழிவு இருக்கிறது. ஒன்றரை விரல் ஆழம், பக்கத்தில் பக்கத்தில். கட்டில் காலோ அலமாரிக் காலோ அப்படித் தேய்க்காது. அவை பாதங்கள், பெரியம்மா. சுவரைப் பார்த்தபடி ஓர் ஆள் நின்ற பாதங்கள். அதே இடத்தில் நெஞ்சு உயரத்தில் சுண்ணாம்பின் மேல் கையகலக் கறுப்பு. வருஷாவருஷம் நீங்கள் சுண்ணாம்பு அடிக்கிறீர்கள், அப்படியும் கறுப்பாக இருக்கிறது.

அங்கே எப்போதாவது கதவு இருந்ததா? அந்த வெறும் சுவருக்கு முன்னால் யார் நின்றார்கள்?

பதிலுக்குக் காத்திருக்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

யனேத்

*

சாந்தா ரீத்தா,
28 மார்ச், பரிசுத்த வாரத் திங்கள்

மகளே,

தாமதத்துக்குக் கோபிக்காதே. தவக்காலம், கோவில் வேலை, பாடுபட்ட ஆண்டவர் சுரூபத்துக்குத் துணி தைக்கிற பொறுப்பு இந்த வருஷம் என் தலையில். நான் சுகம். நீங்கள் இருவரும் சுகம்தானே?

கேட்டபடி அளந்தேன். படுக்கையறை அகலம் 5.00. மூலைக்கு மூலை 6.40, மற்ற மூலைக்கு 6.40. சாப்பாட்டு அறை அகலம் 5.70. மூலைக்கு மூலை 6.96, மற்றதும் 6.96. தாழ்வாரம் 23.60. கூட்டிப் பார், சரியாக வரும். உன் எண்பத்தாறு கிடைத்துவிட்டது. இனி நிம்மதியாகத் தூங்கு, பட்டம் வாங்கு, ஒரு நல்ல பையனைப் பார்.

அந்தப் பாதக்குழி பற்றிக் கேட்டாய். நான் நின்று ஜெபமாலை சொல்லும் இடம். முழங்கால் மடங்காது என்று உனக்குத் தெரியாதா?

உயிர்ப்புப் பெருவிழா ஆசிகள். டேப்பைப் பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒலீவா

*

மெதெயின்,
9 ஏப்ரல்

அன்புள்ள பெரியம்மா,

உடம்பு நலம், மனசு நலமில்லை. டேப் வந்தது. சுற்றியிருந்த ரப்பர் பேண்டைக்கூட நீங்கள் கழற்றவில்லை.

உங்கள் அளவுகளைச் சந்தோஷமாகத்தான் கொண்டுபோனேன். பேராசிரியர் உர்ரேயா ஒரு நிமிஷம் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "மண்வீட்டுல ரெண்டு மூலைவிட்டமும் சமமா? முப்பது வருஷத்துல நான் பாத்ததே இல்ல. இது வீட்டை அளந்த கணக்கு இல்லம்மா, உன் படத்தை அளந்த கணக்கு" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

ஜனவரியில் நாங்கள் எடுத்த மூலைவிட்டம் 6.02, 6.13. அகலம் 4.57. நீங்கள் எண்பத்தாறை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு நாற்பத்து மூன்று என்று இரண்டு அறைக்கும் கூட்டியிருக்கிறீர்கள். பிறகு தாளில் கட்டம் போட்டு ஸ்கேலால் குறுக்கே அளந்தீர்கள், இல்லையா? கோபத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகம். முழங்கால் வலியோடு இருக்கிற ஒருவர், பரிசுத்த வாரத்தில் உட்கார்ந்து, இவ்வளவு பாடுபட்டு ஏன் ஒரு சுவரை மறைக்கவேண்டும்?

அம்மாவிடம் கேட்டேன். கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "அந்த ரூமா? நான் உள்ள போனாலே உங்க பெரியம்மா காதைத் திருகுவா. ஒரு நாள் பந்தை அந்தச் சுவர்ல அடிச்சு விளையாடினேன். 'சத்தம் போடாதடி, அண்ணன் தூங்குறான்'னா." "எந்த அண்ணன்?" என்றேன். "எனக்கு ஒரே அண்ணன்தான, ஒத்தோனியேல். கட்சிச் சண்டையில வெனிசுவேலாவுக்கு ஓடினவன். அப்பவே ஓடி ஒரு வருஷம் ஆச்சு. நான் முழிச்சதைப் பாத்து, 'வாய் தவறிடுச்சு, போ விளையாடு'ன்னா." சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேராசிரியர் ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி இரண்டு மாணவர்களோடு நேரில் வந்து, அந்தச் சுவரில் விரல் கனத்துக்கு ஒரு துளை போட்டுப் பார்க்கலாம் என்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

யனேத்

*

சாந்தா ரீத்தா,
16 ஏப்ரல்

யனேத்,

ஒருத்தரும் வரக்கூடாது. துளை போடக்கூடாது. வந்தால் வாசற்கதவைத் தாழ் போட்டுவிட்டு உள்ளேயே கிடப்பேன், செத்தாலும் திறக்கமாட்டேன். உன் வருஷம் போனால் போகட்டும். அந்தச் சுவரைத் தொட்டால் நீ என் தங்கை மகளும் இல்லை, நான் உன் பெரியம்மாவும் இல்லை.

ஒலீவா

*

மெதெயின்,
25 ஏப்ரல்

அன்புள்ள பெரியம்மா,

உங்கள் கடிதங்களில் முதல் தடவையாக என் சுகத்தைக் கேட்காத கடிதம் அது. அதனால்தான் பயந்துவிட்டேன். நான் சுகம். நீங்கள் சுகமா?

யாரும் வரமாட்டார்கள். "பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று பேராசிரியரிடம் பொய் சொன்னேன். அவர் ஜூன் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் நான் இரண்டில் ஒன்று செய்யவேண்டும். எண்பத்தாறையும் கெட்டிச் சுவர் என்று வரைந்து கையெழுத்துப் போடவேண்டும், அது பொய், பிடிபட்டால் கல்லூரியை விட்டே அனுப்புவார்கள். அல்லது மூடாத படத்தோடு இந்த வருஷத்தை இழக்கவேண்டும். நீங்கள் சொன்னால் பொய்யே வரைகிறேன். என்ன பொய்க்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அம்மாவிடம் எதுவும் சொல்லமாட்டேன். சத்தியம்.

உங்கள்
யனேத்

*

சாந்தா ரீத்தா,
20 மே

கண்ணு யனேத்,

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். மூன்று வாரம் காய்ச்சல். பாஸ்தோராதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், அவளைப்பற்றி நான் சொன்னதெல்லாம் வாபஸ். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

1950இல் எனக்குப் பதினாறு வயசு. ஒத்தோனியேலுக்கு இருபது. சந்தையில் லிபரல் கட்சிக்காகப் பேசினான், அவ்வளவுதான் அவன் குற்றம். போலீஸ் வருகிறது என்று தெரிந்ததும் அப்பா இரண்டு அறைக்கும் நடுவே இன்னொரு சுவர் எழுப்பி ஓர் இடம் செய்தார். ஓர் ஆள் நிற்கலாம், கால் நீட்டிப் படுக்கலாம். அம்மா அப்போது சித்தியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் ஊருக்குப் போயிருந்தாள், ஃபபியோலாவையும் கூட்டிக்கொண்டு. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அண்ணன் ஒரு பானைத் தண்ணீரும் நாலு கட்டி வெல்லமும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். "மூணு நாள்தான் ஒலீவா, அழாத. அழுதா மூக்கு வீங்கும், உன்னை எவனும் கட்டமாட்டான்" என்றான். அப்பா நுழைகிற துவாரத்தை மூங்கில் தப்பை வைத்து அடைத்தார். நான் என் கையால் மண் பூசினேன்.

மறுநாள் வந்தார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஆற்றுப் பாலத்தில் கிடந்தார். அவர்கள் போகவில்லை. எங்கள் வீட்டையே தங்கும் இடமாக்கிக்கொண்டார்கள், பதினோரு நாள். நான் அவர்களுக்குச் சமைத்தேன். தலைவன் என் கட்டிலில் படுத்தான், தலை அந்தச் சுவர்ப் பக்கம். தினமும் மூன்று மணிக்கு அவர்கள் முற்றத்தில் சீட்டு ஆடும்போது நான் அறையைப் பெருக்கப் போவேன். சுவரை மூன்று தடவை தட்டுவேன். உள்ளிருந்து மூன்று தடவை தட்டுவான். ஒன்பதாம் நாள்வரை தட்டினான். பத்தாம் நாள் பதில் இல்லை. பதினோராம் நாளும் இல்லை.

அவர்கள் போனபின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன், யனேத். கை எழவில்லை. இடித்தால் எதைப் பார்ப்பேன் என்று பயம். மறுநாள் அம்மா வந்தாள். "அண்ணன் தப்பிச்சுட்டாம்மா, வெனிசுவேலாவுக்குப் போயிட்டான்" என்றேன். புருஷனைப் பறிகொடுத்தவள் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பேன்? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அண்ணன் எழுதுகிற மாதிரி இடது கையால் ஒரு கடிதம் எழுதினேன், அம்மா சாகும்வரை. ஃபபியோலா பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாளே, அவை என்னுடையவை.

வாடை வரவில்லை. அடுத்த நாளும் இல்லை, மாதம் ஆகியும் இல்லை. பாதிரியார் பிரசங்கத்தில் சொல்வார், புனிதர்களின் உடல் அழுகாது என்று. அண்ணனும் அப்படித்தான் என்று புரிந்துகொண்டேன். முப்பத்தெட்டு வருஷமாகத் தினம் மூன்று மணிக்கு அங்கே நிற்கிறேன். அதனால்தான் உன் அம்மா எத்தனை தடவை கூப்பிட்டும் ஓர் இரவுகூட வரமுடியவில்லை. அவனைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவேன்?

என் கையால் மண் பூசிக் கொன்றேன். இதுதான் உன் எண்பத்தாறு. கெட்டிச் சுவர் என்றே வரை, கண்ணு. மன்றாடிக் கேட்கிறேன்.

ஒலீவா

*

மெதெயின்,
4 ஜூன்

என் பெரியம்மா,

நலமா என்று கேட்க இந்தத் தடவை எனக்குப் பொறுமை இல்லை. உட்கார்ந்து படியுங்கள். மாமா அந்தச் சுவருக்குள் இல்லை. நீங்கள் யாரையும் கொல்லவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள்தான் மூளை வேலை செய்தது. ஜனவரியில் நான் அறைகளை அளந்தபோது மர்லேனி வீட்டுக்கு அடியில் போனாளே, சரிவுப் பக்கம், விறகு அடுக்கியிருக்கும் இடத்தைத் தாண்டி, பழைய கோவேறு கழுதைத் தொழுவம். குறுக்குவெட்டுப் படத்துக்காக அடியிலிருந்து தரையை அளந்தாள். அந்த நோட்டை நாங்கள் இதுவரை திறக்கவே இல்லை. இப்போது திறந்தேன். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

'படுக்கையறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஐந்து பலகை அறுபட்டிருக்கிறது. ரம்பம் இல்லை, கத்தி வேலை. மூன்று திரும்பப் பொருத்தப்பட்டுள்ளன, இரண்டு இல்லை. தலையை விட்டு டார்ச் அடித்தேன். கூரைவரை காலி. ஓர் ஓரத்தில் மண்பானை.'

"ஏன்டி அஞ்சு மாசமா சொல்லல?" என்று அவளை உலுக்கினேன். "தரைப்படம் மூடுற வரைக்கும் குறுக்குவெட்டு பத்தி வாயே திறக்காதன்னது யாரு? நீதான பட்டறைச் சட்டம் பேசின?" என்றாள். அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன், பைத்தியம் என்றாள். உங்கள் கதையை அவளுக்குச் சொல்லவில்லை.

புரிகிறதா, பெரியம்மா? ஒன்பது நாள் அவர் உங்களுக்குப் பதில் தட்டிக்கொண்டே கத்தியால் பலகையை அறுத்திருக்கிறார். முற்றத்தில் போலீஸ் சீட்டு ஆடும்போது கீழே இறங்கிச் சரிவு வழியாகப் போய்விட்டார். வாடை வராததற்குக் காரணம் அதுதான். எல்லை தாண்டினாரா, வழியில் என்ன ஆனார், தெரியாது. தேடுவோம், அம்மாவிடமும் நாமே சேர்ந்து சொல்வோம். ஆனால் நீங்கள் பூசிய மண்ணுக்குள் அவர் சாகவில்லை. இது என் ஊகமில்லை, அளவு.

படம் மூடிவிட்டது. இரண்டு சுவர், நடுவே ஓர் இடம், அதற்குள் 'காலி' என்று எழுதினேன். பேராசிரியர் பார்த்துவிட்டு, "இப்பத்தான் இது வீடு" என்றார். பயப்படாதீர்கள், ஊர்ப் பெயரும் உங்கள் பெயரும் படத்தில் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நோட்டின் ஓரத்தில் மர்லேனி இன்னொரு வரி எழுதியிருக்கிறாள்: 'தூசி இல்லை, ஒட்டடை இல்லை. அறுபட்ட பலகையின் விளிம்பு வாசற்படி மாதிரி வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது.' ஓர் ஆள் ஒரு தடவை இறங்கிப் போனால் பலகை அப்படித் தேயாது. தினமும் ஏறி இறங்கினால்தான் தேயும். பூனையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் பெட்டியைக் கட்டி வையுங்கள், இனி யாருக்காக அங்கே நிற்கவேண்டும்? ஆயிரம் முத்தங்கள்.

யனேத்

*

சாந்தா ரீத்தா,
15 ஜூன்

கண்ணு யனேத்,

நீயும் ஃபபியோலாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் இன்றைக்குக் காலைப் பஸ்ஸில் வந்தது. படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். "அண்ணா, அண்ணா" என்று கத்தியிருக்கிறேன் போல, பாஸ்தோரா வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். "யாரு செத்தது?" என்றாள். "யாரும் சாகலடி, யாருமே சாகல" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நீ எனக்குக் கொடுத்ததை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் எந்தப் பாதிரியாரும் கொடுக்கவில்லை, மகளே.

மர்லேனியின் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். எழுதினால் கிழவிக்குப் பித்தம் என்பாய் என்று பயந்தேன். அந்த வருஷம் போலீஸ் போனபின், யாருக்கும் தெரியாமல் அண்ணனுக்காக நானே ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொன்னேன். ஒன்பதாம் நாள் மூன்று மணிக்குச் சுவரை மூன்று தடவை தட்டினேன், விடைகொடுக்கிற மாதிரி. உள்ளிருந்து மூன்று தடவை பதில் வந்தது.

இருபது நாளுக்குமேல் ஆகியிருந்தது, யனேத். தண்ணீர் இல்லாமல் எந்த மனுஷனும் உயிரோடு இருக்கமுடியாது. அவன் ஆத்துமாதான் என்று முழங்கால் போட்டேன். அதனால்தான் சுவரைத் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் பதில் வருகிறது. எலி இல்லை, எலிக்கு எண்ணத் தெரியாது. நான் இரண்டு தட்டினால் இரண்டு, ஐந்து தட்டினால் ஐந்து. அம்மா செத்த அன்று நான் நெற்றியைச் சுவரில் வைத்து அழுதபோது, என் நெற்றிக்கு நேராக மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தது. மே மாதக் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது அதுவாகவே தட்டி என்னைக் கூப்பிட்டது.

அதனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம். யார் பிறந்தார்கள், யார் எங்கே குடியிருக்கிறார்கள், யாருக்கு எதில் பயம். நீ பிறந்த அன்று உன் பெயரைச் சொன்னேன். மெதெயினில் உங்கள் தெரு, மாடி எது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அண்ணன்தானே கேட்கிறான் என்று சொன்னேன். அண்ணன் பதினோராம் நாளைக்கு முன்பே போய்விட்டான் என்று நீ அளந்து காட்டிவிட்டாய். உன் அளவை நான் நம்புகிறேன்.

இன்றைக்கு மூன்று மணிக்கு நான் தட்டவில்லை. சுவருக்கு முன்னால் போகவும் இல்லை. தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று அடித்து ஐந்து நிமிஷம் பொறுத்து அது தட்டியது, மூன்று தடவை. நான் பதில் தட்டவில்லை. மறுபடி தட்டியது. இதை எழுதும்போது மணி நாலாகப் போகிறது, இன்னும் நிறுத்தவில்லை. இப்போது சுவரிலிருந்து வரவில்லை, கண்ணு. என் நாற்காலிக்குக் கீழே, பலகையிலிருந்து வருகிறது.

கடிதத்தைப் பாஸ்தோராவின் கையில் கொடுத்து நாலரைப் பஸ்ஸுக்கு அனுப்புகிறேன், இன்று முதல் அவள் வீட்டில்தான் இருப்பேன். ஜூலைவரை காத்திருக்காதே. உன் அம்மாவிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.

உன் பெரியம்மா
ஒலீவா